6746328388800 (எண்)

6746328388800 (67,46,32,83,88,800, ஏறத்தாழ 6.75 இலட்சம் கோடி) என்பது 10080 வகுஎண்களைக் கொண்ட ஓர் உயர் பகு எண் ஆகும். கணித மேதை சீனிவாச இராமானுசன் 1915 ஆம் ஆண்டு வெளியிட்ட உயர் பகு எண்களின் அட்டவணை இவ்வெண்ணுடன் முடிவடைகின்றது. கணினிகள் இல்லாத காலத்தில் உருவான அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போனது.

வரையறை

ஒரு நேர் முழு எண், தன்னைவிடச் சிறிய எல்லா நேர் முழு எண்களையும் விடக் கூடுதலான வகுஎண்களைக் கொண்டிருந்தால் அது உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12 இன் வகுஎண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு ஆகும். 12 ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் நான்கிற்கு மேல் வகுஎண்கள் இல்லை. எனவே 12 ஓர் உயர் பகு எண். 18 க்கும் ஆறு வகுஎண்களே உள்ளதால் அது உயர் பகு எண் அன்று.

தொடக்கத்திலுள்ள சில உயர் பகு எண்கள்: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120.

காரணிப்படுத்தல்

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வோர் அடுக்குடனும் 1 ஐக் கூட்டி, கிடைப்பவற்றைப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080

இந்த 10080 உம் ஓர் உயர் பகு எண்ணே. அதற்கு 72 வகுஎண்கள் உள்ளன.

பண்புகள்

* 2 முதல் 23 வரையுள்ள பகா எண்கள் அனைத்தும் இடைவிடாது காரணிகளாக உள்ளன. 23 க்குப் பதிலாக 29 ஐ இட்டால் வகுஎண்களின் எண்ணிக்கை மாறாது. எண் மட்டும் பெரிதாகும்.
* அடுக்குகள் எங்கும் ஏறுவதில்லை. 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளை இடம் மாற்றினால், அதே எண்ணிக்கையில் வகுஎண்களைக் கொண்ட, 2.25 மடங்கு பெரிய எண் கிடைக்கும்.
* கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகும். 1 ஐ விடப் பெரிய உயர் பகு எண்களில் 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

இப்பண்புகள் தேவையானவை, ஆனால் போதுமானவை அல்ல. 30 = 2 × 3 × 5 என்னும் எண் இவை அனைத்தையும் நிறைவு செய்கின்றது. எனினும் அதைவிடச் சிறிய 24 க்கும் அதே எட்டு வகுஎண்கள் இருப்பதால் 30 உயர் பகு எண் அன்று. ஆகவே, பொருந்தக்கூடிய எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டே பட்டியலை நிறைவு செய்ய வேண்டியுள்ளது.

விடுபட்ட எண்

இராமானுசனின் அட்டவணையில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் உள்ளன. அதில் விடுபட்ட எண் 293318625600 ஆகும்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இதற்கு 5040 வகுஎண்கள் உள்ளன. இது 195545750400 (4608 வகுஎண்கள்), 321253732800 (5376 வகுஎண்கள்) ஆகிய இரண்டு உயர் பகு எண்களுக்கு இடையே வருகின்றது. இதை 23 ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800 என்பது குறிப்பிடத்தக்கது. இவ்விடுபாட்டால் ஆய்வுக் கட்டுரையின் தேற்றங்களுக்கு எவ்விதக் குறையும் இல்லை.

வரலாறு

சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த இராமானுசன் 1914 இல் இங்கிலாந்து சென்றார். உயர் பகு எண்கள் பற்றிய அவரது கட்டுரை மறு ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. இதன் அடிப்படையில் 1916 இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது.

அப்போது கழகம் நிதி நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சிடப்படவில்லை. அப்பகுதி, நிக்கோலா, ராபின் ஆகிய பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புகளுடன் 1997 இல் வெளியிடப்பட்டது.