பந்துத் தாங்கி

சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் நிலையான பாகத்துக்கும் இடையே குண்டுகளை உருளவிட்டு உராய்வைக் குறைக்கும் எந்திர உறுப்பு. குண்டுத் தாங்கி என்றும், பட்டறைகளில் ‘பால் பேரிங்’ என்றும் வழங்கும். உள்வளையம், வெளிவளையம், அவற்றின் தடங்களில் உருளும் எஃகுக் குண்டுகள், குண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைக்கும் கூடு ஆகியவை இதன் பகுதிகள்.

வரலாறு

இத்தாலியின் நேமி ஏரியில் மூழ்கிக் கிடந்த, ரோமப் பேரரசர் கலிகுலா காலத்துக் கப்பல்களை 1928 முதல் நீரை இறைத்து வெளிக்கொணர்ந்தபோது, வெண்கலக் குண்டுகள் பொருத்திய சுழல்மேடையின் பகுதிகள் கிடைத்தன. 1500ஐ ஒட்டி லியொனார்டோ டா வின்சி குண்டுத் தாங்கிகளை வரைந்து வைத்தார். வேல்ஸ் நாட்டின் பிலிப் வான் 1794இல் வண்டி அச்சுக்கான குண்டுத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பரவலான தேவை சைக்கிளோடுதான் வந்தது. பாரிஸ் நகரின் ஜூல் சூரிரே 1869இல் சைக்கிளுக்கான குண்டுத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த பாரிஸ்–ருவான் பந்தயத்தில், குண்டுத் தாங்கி பொருத்திய சைக்கிளில் ஜேம்ஸ் மூர் வென்றார்.

குண்டுகளை ஒரே அளவில் செய்வதே பெரிய இடர். ஒரு குண்டு சற்றே பெரிதானாலும் சுமை அதன்மீதே விழுந்து, அது விரைவில் தேயும். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் 1883இல் உருவாக்கிய அரைப்பு எந்திரம், எஃகுக் குண்டுகளைச் சீரான உருண்டைகளாகப் பெருமளவில் தந்தது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் நெசவாலைப் பொறியாளர் ஸ்வென் விங்குவிஸ்ட், களிமண் நிலம் அசைவதால் ஆலைத் தண்டுகள் கோணுவதைக் கண்டு, கோணலுக்கு ஏற்பத் தானே ஒத்துப்போகும் தாங்கியை 1907இல் வடிவமைத்தார். அதிலிருந்து எஸ்.கே.எஃப். நிறுவனம் பிறந்தது. தாங்கியின்றிப் போர்க் கருவிகள் ஓடா என்பதால், இரண்டாம் உலகப் போரின்போது 1943 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் அமெரிக்க விமானங்கள் ஷ்வைன்ஃபுர்ட் ஆலைகள்மீது குண்டு வீசின.

பொருத்தும் முறை

தண்டு சுழலும் எந்திரங்களில் உள்வளையத்தைத் தண்டில் இறுக்கமாகவும், வெளிவளையத்தை உறையில் சற்றுத் தளர்வாகவும் பொருத்துவது வழக்கம். உள்வளையம் தளர்ந்திருந்தால் அது தண்டின்மேல் நழுவித் தேய்மானம் ஏற்படும். இறுக்கம் மிகுந்தால் வளையம் விரிந்து, குண்டுகளுக்குரிய உள் இடைவெளி குறையும். ஓட்டத்தில் தண்டு சூடேறினாலும் இவ்வாறே நேரும். எனவே, சூடேறும் மோட்டார்களில் இயல்பைவிடக் கூடுதல் இடைவெளி கொண்ட ‘சி3’ வகைத் தாங்கிகளைப் பயன்படுத்துகின்றனர்.