கேசட் அடாப்டர்

கேசட் அடாப்டர் என்பது கேசட்டின் வடிவில் அமைந்த, உள்ளே நாடா இல்லாத ஓர் இணைப்புக் கருவி. கையடக்க சிடி பிளேயர், எம்பி3 பிளேயர், கைபேசி ஆகியவற்றில் ஓடும் பாட்டைக் கார் ஸ்டீரியோவில் கேட்பதற்கு இது பயன்பட்டது. கேசட்டுகள் கடைகளிலிருந்து மறைந்த பிறகும் கார்களில் இருந்த கேசட் கருவிகளைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது இந்தச் சிறிய பிளாஸ்டிக் பெட்டிதான்.

பின்னணி

கார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடக்கூடியது. இசைக்கருவிகளோ அதற்குள் இரண்டு மூன்று முறை மாறிவிடுகின்றன. காரில் பாட்டுக் கேட்பதன் வரலாறு முழுவதிலும் இந்தப் பொருத்தமின்மையைக் காணலாம். 1956 மாடல் கார்களில் கிரைஸ்லர் நிறுவனம் 'ஹைவே ஹை-ஃபை' என்ற இசைத்தட்டுக் கருவியைப் பொருத்தித் தந்தது. அதற்கென்றே தயாரித்த, நிமிடத்துக்கு பதினாறே முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவாகச் சுழலும் தட்டுகளை மட்டுமே அது ஏற்றது. வீட்டில் இருந்த தட்டுகள் அதில் ஓடா. சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட் இந்தச் சிக்கலைத் தற்காலிகமாகத் தீர்த்தது. 1979இல் சோனி வாக்மேன் வந்தபோதும் தொல்லை எதுவும் எழவில்லை. நடக்கும்போது கேட்ட கேசட்டையே எடுத்துக் காரில் போட்டுக்கொள்ளலாம். 1984இல் சோனியின் கையடக்க சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தபோதுதான் இந்தத் தொடர்பு அறுந்தது. வட்டத் தகடு கேசட் துளைக்குள் நுழையாது. பெரும்பாலான கார் ஸ்டீரியோக்களில் வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொடுக்க வேறு வழியும் இல்லை.

செயல்படும் விதம்

இதற்கு ஒரு தீர்வு கண்ட அமெரிக்கப் பொறியாளர் லாரி ஷாட்ஸ், 1988இல் கேசட் அடாப்டருக்குக் காப்புரிமை பெற்றார்.

கேசட் கருவியில் நாடாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் 'ஹெட்', நாடாவில் பதிந்துள்ள காந்தப்புல மாற்றங்களை மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மாற்றங்கள் நாடாவிலிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. அடாப்டரில் நாடா ஓட வேண்டிய இடத்தில் இன்னொரு ஹெட் பொருத்தப்பட்டிருக்கும். பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து கம்பி வழியாக வரும் மின்சாரத்தை அது காந்தப்புலமாக மாற்றும். எதிரே உள்ள ஸ்டீரியோவின் ஹெட் அதை நாடாவிலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும்.

ஏமாற்ற வேண்டியது ஹெட்டை மட்டுமன்று. சக்கரம் சுழலாவிட்டால் நாடா முடிந்துவிட்டதாகக் கருதிப் பல ஸ்டீரியோக்கள் நின்றுவிடும். எனவே இரண்டு அச்சுகளையும் இணைத்துச் சுழலவைக்கும் பற்சக்கரங்கள் அடாப்டருக்குள் வைக்கப்பட்டன. மெல்லிய பாட்டு ஓடும்போது இவற்றின் கடகட ஓசை கேட்கும். தானாகப் பக்கம் மாற்றும் வசதி கொண்ட ஸ்டீரியோக்களில் ஹெட் மறுபக்கத்துக்குத் திரும்பிவிட்டால் பாட்டு நின்றுபோவதும் உண்டு.

ஆனால் இதற்கு ஒரு நற்பண்பும் இருந்தது. பிளேயரைக் கம்பி மூலம் நேரடியாக ஸ்டீரியோவில் இணைத்து, அதே காரின் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்னேற்றினால், எஞ்சினின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி பாட்டோடு கலந்துவிடுவதுண்டு. இரு கருவிகளின் தரையிணைப்புகளும் ஒரு வளையமாக அமைந்துவிடுவதே காரணம். அடாப்டரில் ஒலி காந்தப்புலமாகவே கடந்து செல்வதால் அந்த வளையம் உருவாவதில்லை.

போட்டியாளர்கள்

கேசட் கருவி இல்லாத கார்களுக்கு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வந்தது. பிளேயரின் ஒலியை மிகக் குறைந்த சக்தியில் ஒலிபரப்பி, காரின் ரேடியோவில் பிடிக்கும் முறை இது. காலியான அலைவரிசை கிடைத்தால் நன்றாகப் பாடும். நகரத்துக்குள் நுழைந்ததும் ஏதாவதொரு வானொலி நிலையம் குறுக்கிடும். எவ்வளவு சிறியதானாலும் அது ஓர் ஒலிபரப்பு என்பதால், பிரிட்டனில் 2006 டிசம்பர் வரை உரிமமின்றி இதைப் பயன்படுத்துவது சட்டவிரோதமாக இருந்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 2001இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றபின் கார் நிறுவனங்களும் இதில் இறங்கின. 2004இல் பிஎம்டபிள்யூ, ஐபாடை முன்பக்கக் கையறைப் பெட்டிக்குள் வைத்து, ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களால் இயக்கும் இணைப்பை அறிமுகப்படுத்தியது. வசதியில் அடாப்டர் இதன் அருகில்கூட வர முடியாது. ஆனால் இத்தகைய இணைப்புகள் ஆப்பிளின் 30 முனை இணைப்பியை நம்பியிருந்தன. 2012இல் ஆப்பிள் புதிய கருவிகளில் அதை மாற்றியதும், விலை கொடுத்துப் பொருத்திய வசதி பல கார்களில் இடைக்கருவி இன்றிப் பயன்படாமல் போனது. மலிவான கேசட் அடாப்டரோ அப்போதும் எல்லாப் பிளேயர்களுடனும் பொருந்தியது. இயர்போன் துளை ஒன்றைத் தவிர அது வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை.

பிற்காலம்

ஆக்ஸ் துளையும் புளூடூத்தும் பரவியதால் அடாப்டரின் தேவை குறைந்தது. புதிய கார்களில் கேசட் கருவி பொருத்தும் வழக்கமும் 2010 வாக்கில் ஏறத்தாழ முடிந்துபோனது. 2016இல் ஐபோன் 7 இயர்போன் துளை இல்லாமல் வந்தபோது, அடாப்டரின் கம்பியைச் செருக அதில் இடமே இல்லை. இன்றும் பழைய கார் வைத்திருப்போருக்காக, கேசட் வடிவப் பெட்டிக்குள்ளேயே மின்கலமும் புளூடூத் வாங்கியும் அடங்கிய, கம்பியில்லாத அடாப்டர்கள் விற்கப்படுகின்றன. ஒலியைக் காந்தப்புலமாக்கி ஹெட்டுக்குக் கொடுக்கும் முறை மட்டும் அவற்றிலும் மாறவில்லை.