கூரை உள்ளவருக்கே வெயில்

1948ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து டோவர் என்ற ஊரில் ஒரு வீடு எழுந்தது. குளிர்காலத்தில் வெயிலின் வெப்பத்தைக் கொண்டே வீட்டைச் சூடாக வைத்திருப்பதுதான் நோக்கம். வெப்பத்தை உப்பில் சேமிக்கும் முறையை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி மரியா டெல்கெஸ். வீட்டை வடிவமைத்தவர் எலினார் ரேமண்ட். செலவை ஏற்றவர் சிற்பி அமீலியா பீபாடி. மூவரும் பெண்கள். சில குளிர்காலங்களுக்குப் பிறகு அந்த உப்பு வேலை செய்யவில்லை. என்றாலும் சூரிய ஆற்றல் வரலாற்றில் அந்த வீட்டுக்கு இடமுண்டு.

அறிவும் உழைப்பும் போலவே இன்னொன்றும் அங்கே இருந்தது. பீபாடி செல்வக் குடும்பத்து வாரிசு. வீடு எழுந்த நிலமும் அவருடையதுதான். வெயில் எல்லோருக்கும் பொது. ஆனால் அதைப் பிடித்து வைக்க ஒரு கூரை வேண்டும், அந்தக் கூரை நம்முடையதாக இருக்க வேண்டும்.

சோலார் பேனல் பொருத்தும் அமெரிக்கக் குடும்பங்களின் வருமானத்தை லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் தொடர்ந்து கணக்கிட்டு வருகிறது. 2010இல் பேனல் பொருத்தியவர்களை வருமான வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 1,40,000 டாலர். 2022இல் அது சுமார் 1,17,000 டாலராக இறங்கியது. பேனல் விலை குறையக் குறைய நடுத்தர வர்க்கமும் உள்ளே வந்திருக்கிறது. ஆனால் நாட்டின் எல்லாக் குடும்பங்களுக்கும் அதே நடு எண் சுமார் 69,000தான். சொந்த வீட்டில் வசிப்பவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 86,000. அதாவது, வாடகைக் குடும்பங்களை விலக்கிவிட்டுப் பார்த்தாலே இடைவெளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடுகிறது. ஆகவே யாரிடம் பேனல் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், யாரால் வீடு வாங்க முடிந்தது என்று கேட்க வேண்டும்.

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு, நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தானவை என்று குறித்தது. பெண்களுக்கு வேறொரு கோடு இருந்தது. 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வரும்வரை, பெண் என்பதற்காகவோ மணமாகாதவர், மணவிலக்குப் பெற்றவர் என்பதற்காகவோ கடன் மறுப்பதை நாடு முழுமைக்குமான எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மனைவியின் சம்பளத்தைப் பாதியாகக் கணக்கிட்ட கடன் நிறுவனங்கள் இருந்தன. இனிக் குழந்தை பெறமாட்டார் என்று மருத்துவரிடம் கடிதம் கேட்டவையும் இருந்தன. கறுப்பினப் பெண்ணுக்கோ இந்த இரண்டு கோடுகளும் சேர்ந்தே விழுந்தன.

பழைய கோடுகள் இன்றைய கூரைகளிலும் தெரிகின்றன. டெபோரா சன்டர் முதலானோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு வருமானமுள்ள பகுதிகளை ஒப்பிட்டது. எந்த இனமும் பெரும்பான்மையாக இல்லாத பகுதிகளைவிட, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் கூரை சோலார் 69 விழுக்காடு குறைவு. சொந்த வீடு வைத்திருப்போரின் அளவைக் கணக்கில் கொண்ட பிறகும் 61 விழுக்காடு குறைவு. வருமானமும் வீடும் மட்டுமே இதை விளக்கிவிடாது.

அரசின் உதவியும் ஏற்கெனவே இருந்தவர்களிடமே அதிகம் சென்றது. 2006 முதல், பேனல் செலவில் 30 விழுக்காட்டை வருமான வரியில் கழித்துக்கொள்ள அரசு அனுமதித்தது. 20,000 டாலர் செலவழித்தவருக்கு 6,000 டாலர் வரி மிச்சம் என்பது பின்னாளைய கணக்கு. தொடக்கத்தில் இருந்த 2,000 டாலர் உச்சவரம்பு 2009இல்தான் நீங்கியது. ஆனால் கட்ட வேண்டிய வரியே இல்லாதவருக்கு இது கையில் காசாகக் கிடைக்காது. மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். அடுத்த ஆண்டும் அவர் வருமானம் அதேதான். பேனலையும் சேர்த்துப் பல தூய ஆற்றல் வரிச்சலுகைகளை ஆராய்ந்த செவரின் போரன்ஸ்டைன், லூகாஸ் டேவிஸ் இருவரும், 2006 முதல் 2012 வரையிலான சலுகையில் சுமார் 60 விழுக்காடு மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினருக்குச் சென்றதைக் காட்டினார்கள். கீழ்த்தட்டு ஐந்தில் மூன்று பங்கினருக்குக் கிடைத்தது சுமார் 10 விழுக்காடு. வீடுகளுக்கான அந்த 30 விழுக்காட்டுச் சலுகையும் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தால் அந்த ஆண்டோடு முடிந்தது. தாமதமாக வர வேண்டியிருந்தவர்கள் வருமுன்பே கதவு சாத்தப்பட்டது.

இந்தக் கணக்குகளுக்குள் பெண் எங்கே? ‘குடும்ப வருமானம்’ என்ற சொல் அவளை மூடிவிடுகிறது. இருவர் சம்பாதிக்கும் வீடும், ஒருத்தியின் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்க்கும் வீடும் அதில் ஒரே அலகு. வீட்டுப் பத்திரம் யார் பெயரில், கடன் யார் பெயரில், மின்கட்டணத்தை யார் கட்டுகிறார் என்று அது கேட்பதில்லை. இந்தக் கேள்விகளை ஆய்வுகளுக்குள் கொண்டுவருவது பெண்ணியத்தின் வேலை.

மாற்று வழியும் இருக்கிறது. மின்னசோட்டா மாநிலம் 2013இல் இயற்றிய சட்டப்படி, ஓரிடத்தில் நிறுவப்பட்ட பொதுச் சூரிய மின்நிலையத்தில் பலர் பங்கு சேரலாம்; அதன் மின்சாரத்துக்கு ஈடான தொகை அவரவர் மின்கட்டணத்தில் கழியும். வாடகை வீட்டுப் பெண்ணும் சேரலாம். அதற்குச் சொந்தக் கூரை தேவையில்லை.