நீரிழிவும் ரமழானும்: மருத்துவ நெறிமுறையில் நோன்பாளி இடம்பெற்ற வரலாறு

ரமழான் பிறை தென்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. சர்க்கரை நோயுள்ள வாப்பாவோ உம்மாவோ இந்த ஆண்டு நோன்பு வைக்கலாமா? மருத்துவர் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சத்தில் அவரிடம் கேட்காமலேயே நோன்பைத் தொடங்கிவிடுபவர்கள் நம்மிடையே பலர். நோயாளி மறைக்கிறார், மருத்துவர் அறியாமல் வழக்கமான மாத்திரையையே எழுதித் தருகிறார். இந்த மௌனத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அது மெல்ல மெல்லக் கலைந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு மார்க்கத்தோடு மட்டுமன்றி, மருத்துவத்தில் நீதி என்னும் பெரிய பொருளோடும் தொடர்புடையது. ஆதலால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சலுகை முன்பே இருந்தது

நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை உண்டு என்பதை அல்பகறா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவுபடுத்துகின்றன. விடுபட்ட நோன்பைப் பின்னர் கழாச் செய்வதும், அதற்கும் இயலாத நிலையில் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுப்பதும் நாம் அறிந்த சட்டங்களே. ஆனால் "நோயாளி" என்பவர் யார்? காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பற்றி ஐயமில்லை. நீரிழிவு உள்ளவரோ நடமாடுகிறார், தொழில் செய்கிறார், பள்ளிவாசலுக்கு வருகிறார். பார்வைக்கு ஆரோக்கியமாகத் தோன்றும் இவருடைய ஆபத்து இரத்தத்தில் மறைந்திருக்கிறது. அந்த ஆபத்தை அளந்து சொல்ல வேண்டியவர் மருத்துவர். அளவு தெரிந்த பிறகே ஆலிம் சட்டம் சொல்ல இயலும். மருத்துவத்திடமோ நெடுங்காலம் அதற்கான அளவுகோல் இல்லை.

யாரை வைத்து எழுதப்பட்டது?

இன்சுலின் 1921இல் டொராண்டோ நகரில் பிரித்தெடுக்கப்பட்டது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரைகள் 1950களில் வந்தன. எந்த அளவில் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதை நிலைநாட்டிய பேராய்வுகள் இரண்டு. முதலாவது, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான முதல் வகை நீரிழிவு ஆய்வு. இரண்டாவது, பிரிட்டனில் 5,102 பேரிடம் நடத்தப்பட்டு 1998இல் வெளியான இரண்டாம் வகை நீரிழிவு ஆய்வு. உலகெங்கும் உள்ள சிகிச்சை நெறிமுறைகள் இவற்றின் மீதே எழுந்தன.

இவ்வாய்வுகளின் பயன் மறுக்க முடியாதது. கண்ணையும் சிறுநீரகத்தையும் காத்துக்கொண்ட இலட்சக்கணக்கானோர் அவற்றுக்குக் கடன்பட்டவர்கள். எனினும் அவற்றின் கேள்விகளுள் நோன்பு இல்லை. பகலில் உண்டு இரவில் உறங்கும் மனிதருக்காகவே மருந்தின் நேரம் வகுக்கப்பட்டது. "காலை உணவுக்கு முன்" என்று எழுதப்படும் மாத்திரை, ஸஹரில் உண்டுவிட்டுப் பதின்மூன்று பதினான்கு மணி நேரம் தண்ணீரும் அருந்தாதிருப்பவரிடம் எவ்வாறு நடந்துகொள்ளும்? கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உணவு வந்ததா இல்லையா என்று பாராமல் இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. ஆதலால் அஸர் நேரத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். மறுபுறம், அஞ்சி மருந்தையே நிறுத்திவிடுபவருக்கு இஃப்தாருக்குப் பின் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறலாம்.

கசாபிளாங்காவில் ஒரு தொடக்கம்

1980களில் சிறு சிறு ஆய்வுகள் வெளிவந்தன. ஆனால் அறிஞர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசும் முயற்சி மொராக்கோவிலிருந்து வந்தது. ரமழான் பற்றிய அறிவியல், மருத்துவ ஆய்வுக்கென அமைந்த இரண்டாம் ஹசன் நிறுவனம் 1994 ஜனவரியில் கசாபிளாங்கா நகரில் "ஆரோக்கியமும் ரமழானும்" என்ற பொருளில் முதல் சர்வதேச மாநாட்டை நடத்தியது. அதன் தொடர்ச்சியாக 1995இல் நீரிழிவு நோயாளிகளின் நோன்பு குறித்த பரிந்துரைகள் வெளியாயின. யார் நோற்கலாம், யார் தவிர்க்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் ஒன்றுகூடி வரையறுக்க முனைந்தனர்.

ஃபிக்ஹு அறிஞர்களும் இக்காலத்தில் வாளாவிருக்கவில்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997இல் ஜித்தாவில் கூடி, நோன்பை முறிப்பவை எவை, முறிக்காதவை எவை என்பதை நவீன மருத்துவத்தின் வெளிச்சத்தில் ஆராய்ந்தது. பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என்றும், உணவாகச் செலுத்தப்படும் திரவங்கள் நீங்கலாக, தோலிலும் தசையிலும் நரம்பிலும் போடப்படும் மருந்து ஊசிகள் முறிக்காது என்றும் அது தீர்மானித்தது. இத்தீர்மானம் நம் ஊர்களில் இன்னும் போதிய அளவு சென்றடையவில்லை என்பதை வருத்தத்துடன் கூற வேண்டியிருக்கிறது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் நோன்பு போய்விடும் என்று எண்ணி, பகல் முழுதும் சர்க்கரையைப் பாராமலே இருந்துவிடும் முதியோரை இன்றும் காண்கிறோம்.

எண்ணிக்கை பேசியது

2001இல் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், மலேசியா, இந்தோனேசியா உள்ளிட்ட 13 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. எபிடியார் என்று அழைக்கப்படும் அவ்வாய்வில் 12,243 நீரிழிவு நோயாளிகளின் விவரங்கள் ஆராயப்பட்டன. முடிவுகள் 2004இல் வெளியாயின. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 79 விழுக்காட்டினரும், ஆபத்து மிகுந்த முதல் வகையினரில் 43 விழுக்காட்டினரும் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர்.

"நோற்க வேண்டாம்" என்ற ஒற்றை அறிவுரை நடைமுறையில் என்னவாயிற்று என்பதை இவ்வெண்கள் காட்டின. மக்கள் நோற்றுக்கொண்டுதான் இருந்தனர். ஆனால் துணையின்றி நோற்றனர். மருந்தின் அளவை மாற்றிக்கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. மாத்திரை உட்கொள்வோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும், இன்சுலின் போடுவோரில் மூன்றில் ஒருவரும் மட்டுமே அளவை மாற்றியிருந்தனர். விளைவும் கடுமையாக இருந்தது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும் நிகழ்வு ரமழானில் முதல் வகையினரிடம் 4.7 மடங்காகவும், இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்காகவும் உயர்ந்தது.

அடுத்த ஆண்டு, 2005இல், அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் ஆய்விதழில் ரமழான் நோன்பு குறித்த பரிந்துரைகள் வெளிவந்தன. உலகில் 4 முதல் 5 கோடி நீரிழிவு நோயாளிகள் ரமழானில் நோன்பு நோற்பதாக அது மதிப்பிட்டது. நோயாளிகளை மிக உயர்ந்த, உயர்ந்த, நடுத்தர, குறைந்த ஆபத்துடையோர் என நான்கு பிரிவாக வகுத்தது. நோன்பு நோற்பது நோயாளியின் தனிப்பட்ட முடிவு; ஆபத்தை விளக்கிச் சொல்வதும், முடிவெடுத்தவரைப் பாதுகாப்பதும் மருத்துவரின் கடமை என்ற பார்வை அதில் இடம்பெற்றது. 2010இல் அது புதுப்பிக்கப்பட்டது.

இதற்கிடையே 2009 ஏப்ரலில் ஷார்ஜாவில் கூடிய ஃபிக்ஹு அகாடமி இந்த நான்கு பிரிவு வகைப்பாட்டை எடுத்துக்கொண்டு தீர்மானம் இயற்றியது. முதல் இரு பிரிவினருக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு வலுவானது என்பதால் அவர்கள் நோற்கலாகாது. பின் இரு பிரிவினர் நோன்பை விடுவதற்கு மருத்துவக் காரணமில்லை. எவர் எப்பிரிவினர் என்பதை மருத்துவரே கணிக்க வேண்டும். மருத்துவரும் ஆலிமும் ஒரே அளவுகோலை வைத்துப் பேசத் தொடங்கிய தருணம் இது.

லண்டனில் ஒரு சிறு ஆய்வு

அறிவுரை மட்டும் உயிர் காக்குமா என்ற கேள்விக்கு லண்டனில் நடந்த ஒரு சிறு ஆய்வு விடை தேடியது. 2010இல் வெளியான அதில் 111 இரண்டாம் வகை நோயாளிகள் பங்கேற்றனர். ரமழானுக்கு முன்னரே உணவு, உடலுழைப்பு, பரிசோதனை, மருந்து நேரம் ஆகியவை பற்றி ஒரு பிரிவினருக்கு வகுப்பு நடத்தப்பட்டது. மற்றவர்களுக்கு வகுப்பு இல்லை. வகுப்பில் கலந்துகொண்டோரிடம் சர்க்கரை தாழும் நிகழ்வுகள் 9இலிருந்து 5ஆகக் குறைந்தன. கலந்துகொள்ளாதோரிடம் 9இலிருந்து 36ஆக உயர்ந்தன. ஆய்வு சிறியது என்பதை மறக்கலாகாது. ஆயினும் புதிய மருந்தோ கருவியோ இன்றி, நோயாளியின் மொழியும் வழக்கமும் அறிந்து பேசுவதாலேயே இவ்வளவு மாற்றம் நிகழக்கூடும் என்பது கவனத்திற்குரியது.

2016இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும், நீரிழிவு மற்றும் ரமழான் கூட்டணியும் இணைந்து விரிவான நெறிமுறையை வெளியிட்டன. எகிப்திய முஃப்தியின் மார்க்கக் கருத்தும் அதில் சேர்க்கப்பட்டது. 2021 பதிப்பில் மதிப்பெண் முறை வந்தது. நோயின் வகை, எத்தனை ஆண்டுகள், எந்த மருந்து, சிறுநீரகத்தின் நிலை, செய்யும் தொழில், முந்தைய நோன்பு அனுபவம் முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்ட வேண்டும். 3 வரை குறைந்த ஆபத்து, 3.5 முதல் 6 வரை நடுத்தரம். 6க்கு மேல் உயர் ஆபத்து. சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பை முறித்துவிட வேண்டும் என்ற விதியையும் அது வலியுறுத்துகிறது. இவ்விரு எண்களையும் நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுவது தகும்.

இதை நீதி என்று ஏன் சொல்கிறோம்?

1971இல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படுவோருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று சுட்டிக்காட்டினார். தவிர்க்கக்கூடியதும் நியாயமற்றதுமான நலவேறுபாடே சமத்துவமின்மை என்று மார்கரெட் வைட்ஹெட் 1990களின் தொடக்கத்தில் வரையறுத்தார். ஒருவரின் ஆரோக்கியத்தைப் பின்னுக்கு இழுக்கும் காரணிகளின் பட்டியல் ஒன்றை எவன்ஸ், பிரவுன் என்னும் இருவர் 2003இல் தொகுத்தனர். வசிப்பிடம், இனமும் மொழியும், தொழில், பாலினம், சமயம், கல்வி, பொருளாதார நிலை, சமூக உறவுகள் என்பன அவை. சமயமும் அதில் ஒன்றாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவ நெறிமுறை வகுப்போர் இக்காரணிகளை எவ்வாறு கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு, கிரேடு என்னும் சர்வதேச ஆய்வாளர் குழு 2017இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இப்பரிந்துரை யாருக்குப் பயன்படும், யாரை விட்டுவிடும், குழுவில் அவர்களுடைய குரல் இருக்கிறதா என்பவை அதன் அடிப்படைக் கேள்விகள்.

எல்லோருக்கும் ஒரே விதியை எழுதிவிட்டால் அது சமமாகத் தோன்றும். ஆனால் உண்ணும் நேரம் வேறான ஒரு சமூகத்தின் மேல் அவ்விதி சமமாக விழுவதில்லை. ரமழான் நெறிமுறையின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. நோயாளியின் ஈமானை இடையூறாகக் கருதிய வரை, மருத்துவம் அவரை இழந்தது. அதை அவருடைய வாழ்வின் ஒரு பகுதியாக ஏற்றுக் கணக்கிடத் தொடங்கிய பின்னரே அவரைப் பாதுகாக்க முடிந்தது.

இன்னும் விடுபட்டவர்கள்

பணி முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். புதிய நெறிமுறையும் சிலரை விட்டுவிடுகிறது. பகலில் பலமுறை பரிசோதிக்க வேண்டும் என்கிறது. பரிசோதனைப் பட்டைகளின் விலையைக் கட்டடத் தொழிலாளியும் பீடி சுற்றும் பெண்ணும் எவ்வாறு தாங்குவர்? சர்க்கரையை மிகவும் தாழ்த்தாத புதிய மருந்துகள் பாதுகாப்பானவை என்கிறது. அவற்றில் பல, பழைய மாத்திரைகளைவிட விலை கூடியவை. நெறிமுறை ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் உம்மாமார்கள் தமிழில் கேட்கிறார்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் அதன் அளவு 14.4 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. நம் ஜமாஅத்துகளில் இது எட்டாத குடும்பம் அரிது.

இங்கே நம் பொறுப்பு தொடங்குகிறது. ரஜப் மாதத்திலேயே, அதாவது ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் தொடங்கி, மருத்துவரைச் சந்தித்து "நான் நோன்பு வைக்க எண்ணுகிறேன்" என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் அவரே மாற்றித் தர வேண்டும். நாமாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது. ஜும்ஆ உரையில் ஒருமுறையேனும் இச்சட்டங்களை விளக்குமாறு ஆலிம்களைக் கேட்டுக்கொள்ளலாம். நோன்புக் கஞ்சிக்கு வாரி வழங்கும் நம் ஊர்கள், பள்ளிவாசலில் ஒரு சர்க்கரை அளவிடும் கருவியையும் பட்டைகளையும் வைப்பதற்கும் சிறிது ஒதுக்கலாம்.

நோற்க வேண்டாம் என்று மருத்துவரும் ஆலிமும் ஒருசேரச் சொல்லும் பெரியவரை எவரும் குறைவாக நோக்கலாகாது. அவர் ஃபித்யா கொடுத்து, குடும்பத்தோடு இஃப்தாரில் அமர்ந்து, திக்ரிலும் துஆவிலும் ரமழானைக் கழிக்கட்டும். சலுகையை ஏற்பதும் இறைவனுக்குக் கீழ்ப்படிவதே. அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நமக்கு அவர்களைப் பேணும் அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.