யாரிகோவின் விலை

பத்திரிகை என்பது ஒரு நாள் வாழ்ந்து மறுநாள் மளிகைக் கடையில் பொட்டலத் தாளாக முடிவது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதற்கு இங்கிலாந்தின் சரித்திரத்திலிருந்து ஒரு சான்று காட்ட விரும்புகிறோம். 1711-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13-ஆம் நாள், இலண்டன் மாநகரில் ஒரு பென்னிக்கு விற்ற ஒற்றைத் தாளில் ஒரு சிறு கதை வெளிவந்தது. அக்கதையில் வரும் வில்லன் வாளெடுத்தவன் அல்லன், கணக்கெழுதுபவன். தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வயிறு வளர்க்கும் நமக்கு அக்கதை நெஞ்சில் தைத்த முள்ளாகவே இருந்து வருகிறது.

அத்தாளின் பெயர் ‘ஸ்பெக்டேட்டர்’. பார்த்துக்கொண்டிருப்பவன் என்பது அதன் பொருள். ரிச்சர்ட் ஸ்டீல் என்னும் புகழ்பெற்ற பத்திராசிரியரும், அவருடைய பள்ளித் தோழர் ஜோஸப் அடிஸனும் சேர்ந்து அதனை நடத்தினர். 1711 மார்ச்சு முதல் 1712 டிசம்பர் வரை, ஞாயிறு தவிர நாள்தோறும், 555 இதழ்கள் வெளிவந்தன. கட்டுரை எது, கதை எது என்று பிரித்து வைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஒரு நாள் நாடகத்தைப் பற்றிய ஆராய்ச்சி. மறுநாள் ஊர்ப்புறத்துச் சீமான் ஒருவரின் வேடிக்கை. அதற்கடுத்த நாள் பெண்களின் நிலைமை. காப்பிக் கடையில் ஒருவர் வாங்கிய தாளைப் பலர் படித்தனர். 1712-இல் அரசாங்கம் தாளொன்றுக்கு அரைப் பென்னி முத்திரை வரி விதிக்கவே விலை இரு மடங்காயிற்று. எனினும் பத்திரிகை அவ்வாண்டு இறுதிவரை நடந்தது. இதழ்கள் தொகுக்கப்பட்டுப் புத்தகங்களாகித் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டன.

நாம் குறிப்பிட்ட கதை 11-ஆம் இதழில் ஸ்டீல் எழுதியது. இங்கிள் என்பவன் இலண்டன் வணிகன் ஒருவனின் மகன், இருபது வயதினன். இலாப நஷ்டம் ஒன்றையே தந்தை அவனுக்கு வேதமாகப் போதித்திருந்தார். பொருள் தேடிக் கப்பலேறிய அவன், அமெரிக்கக் கரையில் இறங்கியபோது அந்நாட்டு மக்களால் தாக்கப்பட்டுக் காட்டுக்குள் ஓடினான். யாரிகோ என்னும் அந்நாட்டுப் பெண் அவன்மீது இரக்கங்கொண்டு, ஒரு குகையில் ஒளித்து வைத்து, கனியும் நீரும் தந்து காத்தாள். இருவரும் காதலராய்ப் பல மாதம் வாழ்ந்தனர். பின்னர்க் கரையோரம் வந்த ஆங்கிலக் கப்பலொன்று அவர்களை ஏற்றிக்கொண்டு பார்படோஸ் தீவுக்குச் சென்றது. தீவு நெருங்க நெருங்க இங்கிள் கணக்குப் பார்க்கத் தொடங்கினான். எத்தனை நாள் வீணாயிற்று? எவ்வளவு வட்டி போயிற்று? நஷ்டத்தை ஈடு செய்ய அவளையே அடிமையாக விற்றான். தன் வயிற்றில் அவன் குழந்தை வளர்வதைச் சொல்லி அவள் கதறினாள். அச்செய்தியைக் கொண்டு அவன் செய்தது ஒன்றே: விலையை உயர்த்தினான்.

இது முழுக் கற்பனையன்று. 17-ஆம் நூற்றாண்டில் பார்படோஸில் சில காலம் வாழ்ந்த ரிச்சர்ட் லிகன், 1657-இல் அத்தீவின் சரித்திரத்தை வெளியிட்டார். தன்னைக் காத்த பெண்ணை விற்ற ஆங்கிலேயனைப் பற்றி அதில் சுருக்கமான குறிப்பொன்று உண்டு. இங்கிள் என்ற பெயரையும், வணிகத் தந்தையின் போதனையையும், குழந்தைக்காக விலை உயர்ந்த கொடுமையையும் சேர்த்தவர் ஸ்டீல். சரித்திரக்காரர் நிகழ்ச்சியைக் குறித்தார். பத்திராசிரியரோ அதற்குக் காரணமான மனத்தைத் திறந்து காட்டினார்.

எனினும் ஸ்டீலை அடிமை விடுதலையின் தளகர்த்தர் என்று கூறிவிட முடியாது. பெண்கள் காதலில் உறுதியற்றவர் என்று ஓர் ஆடவன் பழிக்க, அரியெட்டா என்னும் பெண் அதற்கு விடையாகவே இக்கதையைச் சொல்கிறாள். ஸ்டீலின் முதல் மனைவிக்குப் பார்படோஸிலேயே தோட்டம் இருந்தது. அவ்வம்மையார் 1706-இல் மறைந்தபின் அத்தோட்டம் ஸ்டீலுக்கு வந்தது. அங்கே உழைத்தவர் அடிமைகள். யாரிகோவுக்காக வாசகரைக் கண்ணீர் சிந்த வைத்தவரின் பையிலும் அத்தீவின் பணம் இருந்தது! இதனைச் சொல்வது அவர் எழுத்தைத் தள்ளுவதற்காக அன்று. எழுதுகிறவனின் வாழ்க்கையைவிட அவன் எழுத்து உயர்ந்து நிற்பதும் உண்டு என்பதைக் காட்டவே.

ஆசிரியர் எண்ணாத வழிகளிலெல்லாம் அக்கதை நடந்தது. பிறமொழிகளில் பாட்டாயிற்று. 1787-இல் ஜார்ஜ் கோல்மன் அதனை இசை நாடகமாக்கினார். இலண்டனில் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேதான். ஆனால் நாடகத்தில் இங்கிள் மனம் திருந்தி யாரிகோவை ஏற்றுக்கொள்கிறான். கொட்டகைக்கு இனிமை வேண்டியிருந்தது போலும்! ஒரு கதை சட்டத்தை மாற்றிற்று என்பது மிகை; ஆயினும் கேட்கும் செவிகளைப் பண்படுத்தியதில் அதற்கும் பங்குண்டு. பிரிட்டிஷார் அடிமை வாணிகத்தை 1807-இலும், அடிமை முறையை 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒழித்தனர். அப்போது 2 கோடி பவுன் நஷ்டஈடு வழங்கப்பட்டது. யாருக்கு? உடையவர்களுக்கு, உழைத்தவர்களுக்கு அன்று. இங்கிளின் கணக்கு அங்கும் வென்றது.

அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. 1838-இல் பிரிட்டிஷ் கயானாவுக்கு இந்தியரை ஏற்றிய முதற் கப்பல்கள் சென்றன. மலாயாவில் வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புக் காடுகளுக்கு நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். அம்முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றல்லர். அவ்வேறுபாட்டை மறைப்பது உண்மைக்குப் பொருந்தாது. ஆயினும் மனிதரை வரவு செலவாகப் பார்க்கும் கண் ஒன்றே.

அரியெட்டா ஒரு நீதிக்கதையையும் சொல்கிறாள். சிங்கத்தை மனிதன் கொல்வதாக வரைந்த படத்தைப் பார்த்து, எங்களுள் ஓவியர் இல்லை, இருந்தால் படம் வேறாக இருக்கும் என்றதாம் ஒரு சிங்கம். யாரிகோவின் கதையை ஆங்கிலேயர் எழுதினர், அவள் எழுதவில்லை. நம் பாட்டிமார் செக்ரோலில் ஒரு பெயர், ஒரு நாள், ஒரு சம்பளம். அதற்கு மேல் அவர்கள் என்ன என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. செக்ரோல் எழுதும் நம் கைதான் அதையும் எழுதவேண்டும். லயத்துப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுவோமாக. எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்புவோமாக.