பட்டன் பேட்டரியில் வாழ்ந்த விளையாட்டுகள்

கையடக்க கேம் கருவிகளில் விளையாட்டைச் சேமித்து வைத்த கதையை இன்று பார்ப்போம்.

1989-ல் ஜப்பானில் வெளிவந்த கேம்பாய் கருவிக்குள் விளையாட்டைச் சேமிக்க இடமே கிடையாது. அதனால் சில கேட்ரிட்ஜ்களுக்குள்ளேயே ஒரு நினைவகச் சில்லையும், அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு பட்டன் பேட்டரியையும் வைத்தார்கள். 1996-ல் வந்த முதல் போக்கிமான் இப்படித்தான் சேமித்தது. பேட்டரி தீர்ந்தால் பிடித்துவைத்த போக்கிமான்கள் எல்லாம் போச்சு! 2002-ல் வந்த போக்கிமான் ரூபி, ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாறியது. அதில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான்.

எமுலேட்டர்கள் அந்தச் சில்லில் இருப்பதை ஒரு சேவ் கோப்பாக எழுதுகின்றன. பயாஸ் எனப்படும் சிஸ்டம் கோப்பு வேறு. 2001-ல் வந்த கேம்பாய் அட்வான்ஸில் அதன் அளவு வெறும் 16 கிலோபைட். அது ஒரே மாதிரிக் கருவிகளுக்குப் பொது. அழிந்தால் சொந்தக் கருவியிலிருந்து மறுபடி எடுக்கலாம். சேவ் கோப்போ உங்களுடையது மட்டும்!

எமுலேட்டரின் சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்பாதீர்கள். புதிய பதிப்பில் அது திறக்காமல் போகலாம். விளையாட்டுக்குள்ளேயும் சேமியுங்கள். பழைய கேட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களே, பேட்டரி சாகும் முன் அதைப் பிரதி எடுத்துவிடுங்கள்!