மூன்று அலைகளும் ஒரு சிட்டுக்குருவியும்



பாசிர் ரிஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் கண்ணாடி அலமாரியில், கட்டைவிரல் உயரமே உள்ள பீங்கான் சிட்டுக்குருவி ஒன்று அமர்ந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கினேன். அச்சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. குருவியின் அடியில் நீல நிறத்தில் மூன்று அலைக்கோடுகள் வரையப்பட்டுள்ளன. அக்கோடுகளால் வகுப்பறையில் நான் செய்த பிழையொன்றைப் பற்றியே இக்கட்டுரை.

தரங்கம்பாடியைப் பற்றிய பாடம் நடத்திய அன்று அக்குருவியை உடன் கொண்டு சென்றேன். "இது டென்மார்க்கில் செய்யப்பட்டது. டேனியர் ஆண்ட ஊர் தரங்கம்பாடி. தரங்கம் என்றால் அலை. அந்த ஊரின் நினைவாகவே இந்த அலைச் சின்னத்தை இட்டார்கள்" என்று கூறினேன். மாணவர்கள் மகிழ்ந்தனர். ஒரு மாணவி மட்டும், "ஆசிரியரே, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று வினவினாள். விடை என்னிடம் இல்லை. அவ்விளக்கம் என் ஊகமே அன்றி வேறில்லை. அன்று மாலையே நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

அறிந்தவை இவை. 1620ஆம் ஆண்டு நவம்பரில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரும் டென்மார்க் அரசரின் தூதராக வந்த ஓவ் கெத்தேயும் உடன்படிக்கை செய்துகொண்டனர். தரங்கம்பாடியில் டான்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. 1706இல் சீகன்பால்கு அங்கு வந்திறங்கினார். தமிழ் அச்சுக்கலை வரலாற்றில் அவ்வூர் இடம்பெற்றது. 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டன.

இனிப் பீங்கானுக்கு வருவோம். டேனிய ஆசியக் கம்பெனியின் கப்பல்கள் சீனத்திலிருந்து தேயிலையோடு பீங்கானையும் கோப்பன்ஹேகனுக்குச் சுமந்து சென்றன. அதனைத் தாமே செய்யும் ஆவல் ஐரோப்பிய அரசவைகள் பலவற்றில் இருந்தது. 1775இல் அரசியார் ஜூலியானா மரியாவின் ஆதரவோடு கோப்பன்ஹேகனில் அரச பீங்கான் ஆலை தொடங்கியது. அதன் சின்னமே மூன்று அலைகள். அவை டென்மார்க்கின் மூன்று நீரிணைகளைக் குறிக்கின்றன: ஓரசுண்டு, பெரிய பெல்ட், சிறிய பெல்ட். தரங்கம்பாடிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை!

பறவைப் பொம்மைகள் புகழ்பெற்றது பிற்காலத்தில்தான். 1880களில் கலை இயக்குநராக வந்த ஆர்னால்டு குரோக், மெருகுக்கு அடியில் வண்ணம் தீட்டும் முறையை வளர்த்தார். ஏறத்தாழ 1,400 பாகை வெப்பத்தைத் தாங்கும் நிறங்கள் மிகச் சில. கோபால்ட் நீலம் அவற்றுள் தலையாயது. இக்குருவிகள் பனிமூட்டத்தில் நிற்பன போல் வெளிர்நீலமும் சாம்பலுமாய்த் தோன்றுவதற்கு அதுவே காரணம். 1853இல் தோன்றிய பிங் அண்ட் கிரோண்டால் ஆலை அதற்குப் போட்டியாக விளங்கியது. அங்குப் பணிபுரிந்த சிற்பி டால்-ஜென்சன் பின்னர் 1925இல் சொந்த ஆலையையே நிறுவினார். கல்போல் இறுகச் சுட்ட ஸ்டோன்வேர் உருவங்களோ மண்ணிறமும் தவிட்டு நிறமுமாய்க் கனத்து நிற்கும். இரண்டு பெரிய ஆலைகளும் 1987இல் ஒன்றாயின.

சேகரிப்போர் முதலில் பார்ப்பது பறவையின் அடிப்பாகத்தைத்தான். அலைச்சின்னத்தின் குறுக்கே கீறல் இருந்தால், ஆலையே இரண்டாம் தரமென ஒதுக்கியது என்று பொருள். 1935 முதல், ஆலையின் பெயரில் உள்ள எழுத்துகளுள் ஒன்றன் மேலோ கீழோ இடப்பட்ட சிறு கோடு, அது செய்யப்பட்ட காலத்தைக் காட்டும். என் குருவியில் அந்தக் கீறல் இருக்கிறது! தன் குறையைத் தானே அடியில் பொறித்து விற்ற ஆலையின் நேர்மை என்னை நாணச் செய்தது.

மறுவாரம் வகுப்பில், "சென்ற வாரம் நான் சொன்னது தவறு" என்று கூறினேன். அவ்வாறு கூறுதல் எளிதாக இல்லை. ஆனால் உண்மையைத் தேடப் போனதால், என் கற்பனையைவிடச் சுவையான செய்திகள் கிடைத்தன. இருபதாம் நூற்றாண்டில் டேனியர் தம் நீல நிறப் பாண்ட வரிசை ஒன்றுக்குத் தரங்கம்பாடியின் பெயரையே சூட்டினர். 1804இல் அறிவியல் பெயர் பெற்ற செந்நிறப் புறா ஒன்றும் 'டிராங்குபாரிக்கா' என அவ்வூர்ப் பெயரைத் தாங்குகிறது. அப்புறா சிங்கப்பூரிலும் உண்டு. கோப்பன்ஹேகனில் பிறந்து, மருத்துவராகச் செராம்பூருக்கு வந்த நத்தானியேல் வாலிச் என்பவரே 1822இல் இராஃபிள்சுடன் சேர்ந்து, இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் நம் நாட்டின் முதல் தாவரவியல் தோட்டத்தை அமைத்தார்.

பெற்றோர்களே, வீடு மாறும்போது தாத்தா பாட்டியின் பழம்பொருள்களைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புமுன், பிள்ளைகளோடு அமர்ந்து அவற்றை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஆசிரியர்களே, "எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். அன்று அம்மாணவி கேளாதிருந்தால், இருபது பிள்ளைகள் என் ஊகத்தை வரலாறு என்று நம்பி வளர்ந்திருப்பார்கள்.

அன்புடன்,
பாசிர் ரிஸிலிருந்து உங்கள் தமிழாசிரியர்